எந்தக் கேமரா வாங்கலாம்?

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இதுதான்: "அண்ணா, எந்தக் கேமரா வாங்கலாம்?" வானொலியில் பேசுகிறவனுக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஊடகத் துறையில் படித்தவன், சொல்லுவான் என்று ஒரு நம்பிக்கை.

அடுத்த கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். ஏ3 அளவில் அச்சடித்து மாட்டலாம். வீட்டில் இருக்கும் 4கே தொலைக்காட்சி காட்டுவதோ எட்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். அதனால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எங்கே படம் எடுக்கப் போகிறீர்கள்? பகலில், வெளியில், ஸ்டேட்டஸ் போடுவதற்கு என்றால் கையில் இருக்கும் தொலைபேசியே போதும். ஆனால் நம்மவர்கள் எடுப்பது பெரும்பாலும் வீட்டு வரவேற்பறையில், கோயிலுக்குள், கல்யாண மண்டபத்தில். எல்லாம் வெளிச்சம் குறைந்த இடங்கள்.

கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா மகன் 3,500 ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தான். சித்தப்பா போன வருடம் தவறிவிட்டார். மாலை போட ஒரு படம் தேடினோம். தொலைபேசிகளில் ஆயிரக்கணக்கில் படங்கள், அவர் இருப்பதோ ஓரத்தில், மங்கலாக. கடைசியில் ஐசி படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். "இது அவர் முகமே இல்லை" என்று சித்தி இன்றும் சொல்கிறார். இந்தத் தீபாவளிக்குச் சித்தியை ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது தம்பியின் எண்ணம். சித்தியோ விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்படியில் இருப்பார். ஒரே ஒரு குழல் விளக்கு. நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார்.

கடைக்காரர் அவனுக்குப் புதுக் கேமரா, கூடவே வரும் 18-55 லென்ஸ், பை, முக்காலி எல்லாம் சேர்த்து ஒரு 'பேக்கேஜ்' சொன்னார். முக்காலி எதற்கு, சித்தியைக் கட்டிப்போடவா? அந்த லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6 தான். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முறுக்கு பிழியும் கை கலங்காமல் விழுவது அதனால்தான். வானொலியிலும் இப்படித்தான், எதிரொலிக்கும் அறையில் எவ்வளவு விலையுள்ள ஒலிவாங்கியை வைத்தாலும் குரல் நன்றாக வராது.

அதனால், பழைய ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸில் போடச் சொன்னேன். ஏபிஎஸ்-சி என்பது ஏறக்குறைய 23க்கு 15 மில்லிமீட்டர் சென்சார். ஃபுல் ஃபிரேம் 36க்கு 24. வசதி இருந்தால் அது, இல்லாவிட்டால் குறையில்லை. 50 லென்ஸ் விலை மலிவுதான், ஆனால் ஏபிஎஸ்-சியில் மாட்டினால் 75 போல நெருக்கிக் காட்டும். தாமான் வீட்டு அடுப்படியில் பின்னால் போக இடமிருக்காது.

பழையது வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது. சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அலமாரியில் சும்மா வைத்த லென்ஸிலும் அது வந்துவிடும். ஈரப்பதத்தை 40, 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டி ஒன்று வாங்குங்கள். பைக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுக்கலாம்.

தம்பி போன வாரம் வாங்கிவிட்டான். இரண்டு படம் அனுப்பினான். இரண்டிலும் சித்தி கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார். விரலில் ஒட்டிய மாவுகூடத் தெளிவாகத் தெரிகிறது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.