உறங்கிய வண்டியை எழுப்புதல்

பல்லாண்டுகளாகக் கொட்டிலின் மூலையிற் கிடந்த மோட்டார் சைக்கிளொன்றை மீண்டும் ஓடச்செய்ய விழைவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒரு சாரார், அதனை வெளியே உருட்டிய அன்றே பெட்ரோல் வார்த்துக் கிக்கரை உதைத்து, அதன் ஓசையைக் கேட்டாலன்றி உறங்கார். மற்றொரு சாரார், அதனை முற்றக் கழற்றி, பழைய வர்ணத்தைச் சுரண்டி, புதிய உறுப்புக்களைப் பூட்டி மினுக்கினாலன்றி அமையார். இவ்விருவர் செயலும் வேறுவேறாகத் தோன்றினும் பிழை ஒன்றே. வண்டி எந்நிலையில் உள்ளதென அறியுமுன்னரே இருவரும் அதன்மேற் கைவைக்கின்றனர். காலம் கெடுத்ததை மாற்றுதல் வேண்டும்; காலம் வெறுமனே தொட்டுச் சென்றதை அவ்வாறே விடுதல் வேண்டும்; எது கெட்டது, எது தழும்பு மாத்திரம் எனப் பகுத்தறிதற்குப் பொறுமை வேண்டும். இதுவே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

இக்கருத்தை விளக்குதற்கு, டிரையல்ஸ் எனப்படும் போட்டிக்கென அமைந்த வண்டியை எடுத்துக்கொள்வோம். இப்போட்டியில் விரைவுக்கு மதிப்பில்லை. பாறையும் சேறும் ஓடையும் மரவேரும் செறிந்த குறுகிய வழியை, நிலத்திற் காலூன்றாமற் கடத்தலே திறமையாகும். ஒருமுறை காலூன்றின் 1 புள்ளி இழப்பு; வண்டி நின்றுவிடின் 5 புள்ளி இழப்பு. ஸ்காட்லாந்து மலைநாட்டில் போர்ட் வில்லியம் நகரைச் சூழ்ந்து நடைபெறும் ஆறுநாட் போட்டி இவ்வகையிற் பெரும்புகழ் வாய்ந்தது. பெல்பாஸ்டிற் பிறந்த ஸாமி மில்லர் என்னும் வீரர் 1964-ஆம் ஆண்டில் ஏரியல் என்னும் 500 சி.சி. வகுப்பைச் சார்ந்த பிரிட்டிஷ் வண்டியில் அப்போட்டியை வென்றார். அடுத்த ஆண்டிலேயே அவர், ஸ்பெயின் தேசத்துப் புல்டாக்கோ கம்பெனியாருக்குத் தாமே துணைநின்று உருவாக்கிய ஷெர்ப்பா என்னும் 244 சி.சி. வண்டியில் மீண்டும் வென்றார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பூண்ட வண்டியொன்று அப்போட்டியில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. கனத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் ஆட்சி அன்றோடு தளரத் தொடங்கிற்று. புல்டாக்கோ கம்பெனியார் 1980-களின் முற்பகுதியில் அத்தொழிலை நிறுத்திவிட்டனர். ஆதலின் எஞ்சியுள்ள ஷெர்ப்பா ஒவ்வொன்றும், கெடுத்தால் திரும்பப் பெறலாகாத பொருளாகும்.

அத்தகைய வண்டி முப்பது, நாற்பது ஆண்டு அசையாது கிடப்பின் அதன் அகத்தே நிகழ்வன யாவை? பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகி, எஞ்சியது பிசினாய் இறுகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். மின்பொறியை உண்டாக்கும் பாயிண்டுகளின்மேல் களிம்பு படரும். கிளச்சுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏர் பில்டரின் நுரைப்பஞ்சு கைபட்டதும் பொடியாகும். புகைக்குழாயினுள் எலி கூடுகட்டியிருத்தலும் உண்டு. இவை கண்ணுக்குத் தோன்றுவன. தோன்றாத பகை வேறொன்றுண்டு. அதுவே கிராங்க் தண்டின் இருமருங்கும் உள்ள ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸே காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை இழுத்து மேலேற்றும் பம்பாகவும் தொழில் புரிகின்றது. ரப்பர் இறுகி வெடித்திருப்பின், அவ்வழியே வெறுங்காற்று உட்புகும். கலவையிற் பெட்ரோல் குறையும். பெட்ரோலுடன் கலந்து வரும் ஆயிலே இவ்வெஞ்சினின் உள்ளுறுப்புக்களுக்கு உயவாதலின், பெட்ரோல் குறைய ஆயிலும் குறையும். வெப்பம் மிக, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். முதல் உதையிலேயே எஞ்சின் முழங்கிற்று என மகிழ்ந்தவர், சிறிது நேரத்தில் அது இறுகி நிற்கக் காண்பது இதனாலேயே. நாற்பதாண்டு உறக்கம் செய்யாத கேட்டை அரைமணி நேர ஆவல் செய்துவிடுகின்றது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்னும் பழமொழி இவர் பொருட்டே எழுந்தது போலும்!

இனி, செய்யத்தக்கது யாது? முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரினுள் இளகுஎண்ணெய் சிறிது விட்டுச் சிலநாள் வாளா இருத்தல் வேண்டும். பின்னர் உயர்ந்த கியரில் இட்டு, பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தல் நலம். அசையாவிடின் மீண்டும் எண்ணெயும் பொறுமையுமே மருந்து, சம்மட்டியன்று. அசைந்தபின், உள்வாயிலையும் வெளிவாயிலையும் அடைத்து, கிராங்க் கேஸினுள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 6 பவுண்டு அழுத்தத்திற்குக் காற்றேற்றி, அது சில நிமிஷம் குறையாது நிற்கின்றதா என நோக்குக. நில்லாவிடின் எவ்விடத்துக் கசிகின்றதெனச் சவர்க்கார நுரையே காட்டிவிடும். ஒரு திருகாணியையும் வீணே கழற்றாமல் எஞ்சினின் உள்நிலையை உரைக்கும் இச்சோதனை, ஆவலுடையார்க்கும் மினுக்குவார்க்கும் ஒருங்கே விடையாகின்றது. பாயிண்டுகளைத் துடைத்து இடைவெளியைச் சீர்செய்தலும், கார்புரேட்டரைக் கழுவுதலும், சீல்களை மாற்றுதலும் ஆனபிறகே கிக்கரை உதைத்தல் முறை.

பெட்ரோல் தொட்டியைப் பற்றியும் ஒன்று கூறுவோம். பழைய ஷெர்ப்பா வண்டிகள் பலவற்றின் தொட்டி, கண்ணாடிநாரும் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்டது. இக்காலப் பெட்ரோலிற் கலக்கப்படும் எத்தனால் அப்பிசினை இளக்கிவிடும். இளகிய பசை எஞ்சினுட் சென்று யாவற்றையும் பற்றும். பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் இடம்பெற்றுள்ளது. ஆகவே ஓட்டுதற்கு அலுமினியத் தொட்டியொன்றைப் பூட்டிக்கொண்டு, பழையதைப் பழுதின்றிப் போற்றி வைத்தல் அறிவுடைமை.

மினுக்குவார் ஒரு வினா எழுப்பக்கூடும்: "சீலை மாற்றலாம், தொட்டியை மாற்றலாம் என்கின்றீர், வர்ணத்தை மாற்றின் மட்டும் குற்றமாமோ?" குற்றமே என்போம். சீல் மாறாவிடின் வண்டி அழியும். வர்ணம் மாறாவிடின் ஒன்றும் அழியாது. அன்றியும் எஞ்சின் காப்பின்மேல் உள்ள கீறல் பாறையொன்று எழுதியது. கைப்பிடியின் தேய்வு ஒருவர் உழைப்பு எழுதியது. இவற்றைச் சுரண்டுவோர் அழுக்கைப் போக்கவில்லை, சரித்திரத்தையே போக்குகின்றனர்.

பழம்பொருளை ஓட்டவே கூடாது, காட்சிக்கு வைத்தலே பாதுகாப்பு என்பாரும் உளர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று; ஓடுவது தேயும் என்பது மெய்யே. ஆயினும் ஓடாததும் இறுகும், துருவேறும் என்பதை மேலே கண்டோம். ஸாமி மில்லர் இங்கிலாந்தின் நியூ மில்டனில் அமைத்த காட்சிச்சாலையில், வண்டிகள் ஓடத்தக்க நிலையிலேயே பேணப்படுதல் இதற்குத் தக்க சான்று. வண்டியின் பொருள் அதன் இயக்கத்திலன்றோ உள்ளது? பாறையேறும் வண்டி கம்பளத்தின்மேல் நிற்பின், அது வண்டியின் உருவமேயன்றி வண்டியன்று.

மாணவ நண்பர்காள்! டிரையல்ஸ் வீரன் வழியிற் புகுமுன் வண்டியை நிறுத்தி இறங்கி, பாறை எங்கே, பள்ளம் எங்கே எனத் தன் கால்களால் நடந்து பார்த்தபின்னரே ஏறுகின்றான். அவ்வண்டியை எழுப்புவோனும் அங்ஙனமே செய்க. நும் பாட்டனார் விட்டுச்சென்ற எஞ்சின் எதுவாயினும், கையைக் கிக்கருக்கும் வர்ணத்தூரிகைக்கும் நீட்டுமுன் கண்ணைச் செலுத்துக. குறையச் செய்க, நிறைய அறிக. எஞ்சின் தன் நாளில் தானே முழங்கும்.