வேளாங்கண்ணிக்கு காரில் கிளம்புறீங்களா? டயர்ல 40 வைக்காதீங்க!

"லாங் போறீங்களா சார்? 40 வெச்சு விட்டுடட்டுமா?"

போன செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோது, தஞ்சாவூரில் காற்று பிடித்த தம்பி என் அப்பாவிடம் கேட்டார். "வைப்பா, மைலேஜும் கிடைக்கும்" என்றார் அப்பா.

குறுவை அறுவடை நேரம். திருவாரூர் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன டூவீலர் சட்டென நிற்க, அப்பா பிரேக் அடித்தார். நெல்மணிகள் மேல் சறுக்கிய கார், ஒரு முழம் இடைவெளியில்தான் நின்றது. பின்சீட்டில் அம்மாவும் பாட்டியும் வெலவெலத்துப் போனார்கள். நெல்லா, வேகமா, காற்றா... எது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், வீடு திரும்பியதும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். 33 பி.எஸ்.ஐ என்று இருந்தது. 40 எங்கேயும் இல்லை!

"டயர் ஓரத்துல 51-னு போட்டிருக்கே?" என்று கேட்பீர்கள். அது அந்த டயருக்கான உச்ச வரம்பு. உங்கள் காருக்கான அளவு, கதவு ஸ்டிக்கரிலும் கார் கையேட்டிலும் இருப்பதுதான்.

சரி, 40 வைத்தால் டயர் வெடித்துவிடுமா? நல்ல டயர் உடனே வெடித்துவிடாது. ஓடும்போது வெடிப்பதற்குப் பெரும்பாலும் காற்றுக் குறைவு, ஓவர்லோடு, தேய்ந்துபோன பழைய டயர் ஆகியவையே காரணம். அதிகக் காற்றில் சிக்கல் வேறு. டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். ரோட்டைப் பிடித்திருக்கும் உள்ளங்கை அளவு இடமும் சுருங்கிவிடும். மழை ஈரத்திலும் வைக்கோலிலும் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பிடிப்புதான் நம்மைக் காப்பாற்ற வேண்டும். பள்ளத்தில் இறங்கினால், விறைத்த டயரால் அதிர்ச்சியை வாங்க முடியாமல் உள்ளிழைகள் அறுந்துபோகலாம். மைலேஜ் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால், நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்து புது டயர் வாங்கினால் மிச்சம் எங்கே?

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை, குடும்பத்தோடு காரில் வருபவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

* காலையில், வண்டி ஓடும் முன்பே காற்றைப் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ளது ஆறிய டயருக்கான அளவு.

* ஆள், லக்கேஜ் நிறைந்திருந்தால் எவ்வளவு என்று சில கார்களில் தனியாகவே போட்டிருக்கும். பெரும்பாலும் பின் டயர்களுக்குக் கூடுதலாக இருக்கும். அதைப் பின்பற்றுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள்.

* சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து நாகப்பட்டினத்தில் பார்த்தால், 33 வைத்த டயர் 37 காட்டலாம். சூட்டில் காற்று விரிவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் குறைந்துபோகும்.

* ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம். அளவை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பொறுப்பு பாட்டியுடையது. பங்க்கில் நுழைந்ததுமே கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்கிறார்: "தம்பி, 33 போதும்ப்பா!"