முழுகாத கணக்கு

தமிழ் சினிமாவில் கதாநாயகி கர்ப்பமானதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மழைப் பாட்டு. அடுத்த சீனில் அம்மணி வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடுவார். டாக்டர் மணிக்கட்டைத் தொட்ட மாத்திரத்தில் 'கங்கிராஜுலேஷன்ஸ்!' நாடி பிடித்துக் கர்ப்பம் சொல்லும் எம்.பி.பி.எஸ்.களை நான் சினிமாவுக்கு வெளியே பார்த்ததில்லை.

நிஜத்தில் வாந்தி கொஞ்சம் லேட்டாக வருகிற பார்ட்டி. பெரும்பாலும் 6-வது வாரத்தை ஒட்டித்தான் குமட்டல் ஆரம்பம். 10 பேரில் 7, 8 பேருக்கு வரும். மற்றவர்களுக்கு வராமலே போகும். காலையில்தான் என்றில்லை, சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனைக்கும் புரட்டும். அதற்கு முன்பே மார்பு கனத்து வலிக்கலாம், எட்டு மணிக்கே தூக்கம் சொக்கலாம். சங்கடம் என்னவென்றால், இதே தொல்லைகள் மாதவிலக்குக்கு முந்தின வாரமும் பல பேருக்கு உண்டு. மாங்காய் ஆசையை வைத்து முடிவு கட்டினால் எங்கள் தெருவில் நான்கூட சந்தேக லிஸ்ட்டில் வருவேன்.

நம் பாட்டிகள் சினிமாவைவிட விவரம். 'அவ முழுகாம இருக்கா' என்பார்கள். விலக்கு முடிந்து தலை முழுகுவது வழக்கம். முழுகவில்லை என்றால் விலக்கே வரவில்லை. வாந்தி, மயக்கம் எதையும் நம்பாமல் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள், பாருங்கள்! டாக்டர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். ஒரே வித்தியாசம், அவருக்கு வேண்டியது குளித்த நாள் இல்லை. விலக்கான முதல் நாள்.

தேதி தள்ளினால் மெடிக்கல் ஷாப்பில் கிட் கிடைக்கிறது. கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்ட பிறகு ஹெச்.ஸி.ஜி. என்ற ஹார்மோன் சுரந்து, ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் அவசரப்பட்டுப் பார்த்து ஒரே கோடு வந்தால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. சில நாள் பொறுத்து, காலை முதல் சிறுநீரில் மறுபடி பார்க்கணும். 1930-களில் இதற்கு ஒரு ஆப்பிரிக்கத் தவளை தேவைப்பட்டது. பெண்ணின் சிறுநீரை அதற்கு ஊசி போட்டால், கர்ப்பமாக இருந்தால் மறுநாளுக்குள் முட்டை போட்டுவிடும். மெடிக்கல் ஷாப்பில் தவளை விற்காத காலத்தில் பிறந்தவர்கள் புண்ணியவான்கள்.

ஒன்றே ஒன்று சீரியஸாக. இரண்டு கோடு வந்து, கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, ரத்தக் கசிவு, மயக்கம், தோள்பட்டை வலி என்று எது வந்தாலும் 'மசக்கைன்னா அப்படித்தான்' என்று படுக்க வைக்காதீர்கள். கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி.

இனி தேதி விவகாரம். எங்கள் மாடி வீட்டில் கல்யாணமாகி 36-ம் நாள் புதுப்பெண்ணுக்கு ஸ்கேன். ரிப்போர்ட்டில் '6 வாரம் 3 நாள்'. மாமியார் விரல்விட்டு எண்ணிவிட்டார். கல்யாணமாகி 5 வாரம் 1 நாள்தான். 9 நாள் உதைத்தது. ரிப்போர்ட்டோடு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

''தம்பி, நீங்க படிச்சவரு. இது எந்த ஊர்க் கணக்கு?''

உள்ளே மருமகள் விசும்பிக்கொண்டிருந்தாள். பையன் ராசிபலனை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அவனை அறையலாம் போலிருந்தது.

''ஏம்மா, முகூர்த்தம் குறிக்கறப்ப பொண்ணோட தேதி கேட்டீங்களா?''

''கேக்காம? அதுக்காகவே ஒரு முகூர்த்தத்தை மாத்தினோமே! கல்யாணத்துக்கு 9 நாள் முன்னாடி தூரமானா. நானே போன்ல கேட்டுக்கிட்டேன்.''

''டாக்டருங்க அந்த நாள்லேருந்துதாம்மா எண்ணுவாங்க.''

கரு உண்டான நாள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. விலக்கான நாள் தெரியும். ஆகவே அதிலிருந்து 280 நாள் என்று கணக்கு. இதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே இருக்காது, பேப்பரில் மட்டும்தான் கர்ப்பம். 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்குத் தேதி வராத அன்றே '4 வாரம்' ஆகிவிடும். தினசரி காலண்டரில் தாள் கிழித்து எழுதிக் காட்டினேன். 36-ம் 9-ம் 45. ஆறேழு 42, மிச்சம் 3.

அந்த அம்மாள் தாளையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

''இதை ரிப்போர்ட்லயே போட்டிருக்கக் கூடாதா?''

போட்டிருந்தது. பெயருக்குக் கீழேயே, எல்.எம்.பி. என்று தேதியோடு. காட்டினேன்.

''அது டாக்டரோட படிப்புன்னுல்ல நெனைச்சேன்!'' என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, ''ஏம்மா, சாப்பிட்டியா?''