சுருட்டு மதுக்கூடங்களும் ஊழியர் நுரையீரலும்

நியூயார்க் மாநிலம் 2003-இல் மதுக்கூடங்களில் புகைக்கத் தடை விதித்தபோது, சுருட்டு மதுக்கூடங்களுக்கு விலக்கு தந்தது. விலக்குப் பெற, 2002-ஆம் ஆண்டு வருமானத்தில் குறைந்தது 10 விழுக்காடு, அங்கேயே விற்ற புகையிலையிலும் சுருட்டுப் பேழை வாடகையிலும் வந்திருக்க வேண்டும். இடம் மாறக்கூடாது, விரிவாக்கவும் கூடாது. விலக்கு பெருகாமல் காத்த இந்த வரம்பு தளரவே கூடாது.

ஆனால் ஊழியர்? வாடிக்கையாளர் ஒரு சுருட்டை முடித்துவிட்டு எழுந்து போகலாம். கோப்பை நிரப்புபவரோ வேலைநேரம் முழுக்க அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். இதை எழுப்ப ஓர் இடம் உண்டு: நியூயார்க் நகரில் மது உரிமம் கேட்பவர் 30 நாள் முன்னதாக வட்டாரச் சமூக வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். வாரியத்தின் கருத்து உரிம ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், காற்றோட்டம் பற்றியும் ஊழியர் உடல்நலம் பற்றியும் அங்கே கேட்டே ஆக வேண்டும்.