வாசலுக்கு வரட்டும் வண்டி!

நோயாளியை விமானத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். விமானத்துக்குள்ளேயே கட்டில் இருக்கிறது. பிராணவாயு இருக்கிறது. கூடவே டாக்டரும் நர்சும் இருக்கிறார்கள். இதற்கு "ஆகாய ஆம்புலன்ஸ்" என்று பெயர்.

நல்ல ஏற்பாடுதான். அந்தமான் போன்ற தூர இடத்தில் உயிருக்குப் போராடுகிறவருக்கு அது கை கொடுக்கும். ஆனால், செலவு பல லட்சம் ரூபாய்!

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு தாய் மீன் விற்கிறார். அவருக்குப் புற்று நோய் என்று வைத்துக்கொள்வோம். இந்த விமானம் அவருக்கு உதவுமா?

உதவாது. பணம் மட்டும் காரணம் அல்ல. விமானம் ஏற மீனம்பாக்கம் போக வேண்டும். அந்த நேரத்தில் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம்!

பக்கத்தில் இருக்கிறது வைத்தியம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்று நோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1952-ல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ல் ஆஸ்பத்திரி பிறந்தது. முதலில் 12 படுக்கைகள்தான். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஏழைகள் பல்லாயிரம் பேர் அங்கே பிழைத்தார்கள்.

காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அரசாங்கப் புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு அறிஞர் அண்ணாவின் பெயர். முதல்-மந்திரியாக இருந்த அண்ணாவும் இந்த நோயால்தான் 1969-ல் மறைந்தார். 1968-ல் அவர் அமெரிக்காவுக்கு விமானத்தில் போய் வைத்தியம் செய்துகொண்டார். விமானம் அவரைக் கொண்டு போயிற்று. நோயைக் கொண்டு போகவில்லை!

எத்தனை நாள் போவது?

புற்று நோய்க்கு ஒரு நாள் போனால் போதாது. கதிர் வைத்தியம் என்றால், பலருக்கு வாரத்தில் ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம் நடக்கும். மாமல்லபுரத்திலிருந்து காரப்பேட்டைக்குப் போவது என்றால் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டும். திரும்பவும் அதே பாடு. கூடப் போகும் மகனுக்குக் கூலி போகும். ரயிலில் புற்று நோயாளிக்குச் சலுகை உண்டு. ஆனால், மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை.

முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் கிடைக்கிறது. ஆனால், பஸ் ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் அந்த வைத்தியத்தால் என்ன பயன்?

108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. அது அவசரத்துக்கு. நாள்தோறும் போய் வர வேறு வண்டி வேண்டும். சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு வேன் விடலாம். காலையில் நோயாளிகளை ஏற்றிச் சென்று மாலையில் வீட்டில் விடலாம். தங்க வேண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரி அருகில் இடம் தரலாம். விமானம் ஒருமுறை பறக்கும் செலவில் இந்த வேன் எத்தனையோ நாள் ஓடும்! சர்க்கார் இதைச் செய்ய வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு

ஆறாத வாய்ப்புண், மார்பில் வலியில்லாத கட்டி, காலம் தப்பிய உதிரப்போக்கு, விழுங்க முடியாமை ஆகியவற்றை மறைக்காதீர்கள். எல்லாக் கட்டியும் புற்று நோய் அல்ல. ஆனால், டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்ப்பார்கள்.

அம்மா கூச்சப்பட்டால் மகள் கூட்டிப் போகட்டும். மனைவி தயங்கினால் கணவன் கூடப் போகட்டும். முதலிலேயே கண்டுபிடித்தால் பல புற்று நோய்களைக் குணப்படுத்தலாம்.

இழந்த ஆறு மாதத்தை எந்த விமானமும் பறந்து பிடிக்காது. இன்று ஏறும் பஸ்ஸே உயிர் காக்கும்!