நிலத்தின் நெடிய நினைவு

ஓராண்டு மழை பொய்த்தால் கலங்குகின்றோம். மறு ஆண்டு மழை பெய்தால் வறட்சியை மறந்துவிடுகின்றோம். மனிதரின் நினைவு குறுகியது. நிலத்தின் நினைவோ பல்லாயிரம் ஆண்டுகள் நீண்டது. அதனைப் படித்தறியும் கல்விக்கு எமது சமூகம் இன்னும் உரிய இடம் அளிக்கவில்லை என்பதே எமது கருத்து. எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுவோம்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியலாளர் இராமன் சுகுமார், ஆசிய யானைகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். யானை மிகுதியாக உண்டது புல்லையா, மரத்தழையையா என்பதை அதன் எலும்பிலுள்ள காபனைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். காபனில் எடை குறைந்த வகையும் எடை கூடிய வகையும் உண்டு. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புற்களில் எடை கூடிய காபன் சற்று மிகுந்திருக்கும். மரங்களிலும் ஈரம் விரும்பும் செடிகளிலும் குறைந்திருக்கும். அவற்றை உண்ட விலங்கின் எலும்பிலும் அவ்வேறுபாடு பதிந்துவிடும்.

இதே முறையை அவரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரி மலையின் சதுப்பு மண்ணிலும் கையாண்டனர். நீர் தேங்கிய இடத்தில் புல்லும் இலையும் முற்றாக மக்குவதில்லை, அடுக்கடுக்காகப் படிகின்றன. அவ்வடுக்குகளின் வயதைக் கணித்து, காபனை அளந்தனர். முடிவுகள் 1993ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியாகின. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் மழை வரலாறு அதில் புலப்பட்டது. பனியூழி உச்சத்திலிருந்தபோது பருவமழை தளர்ந்து, வறட்சி தாங்கும் புற்கள் பரவின. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை பெருகியது. பின்னர் மீண்டும் வறட்சி வந்தது.

இதனால் என்ன பயன் என்று பெற்றோர் வினவலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரிப் புல்வெளிகளைத் தரிசு எனக் கருதி, சீகை மரங்களையும் தைல மரங்களையும் நட்டனர். விடுதலைக்குப் பின்னும் அப்பணி தொடர்ந்தது. மனிதர் காட்டை அழித்தமையாலேயே புல்வெளி தோன்றியது என்று நம்பியோரும் உளர். ஆனால் அங்கு மந்தை மேய்ப்போர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே புல் செழித்திருந்தது எனச் சதுப்பு மண் சான்று பகர்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் வரையாட்டுக்கும் அப்புல்வெளியே புகலிடம். நிலத்தின் பழமையை அறியாதோர் நன்மையென எண்ணிச் செய்தது தீங்காய் முடிந்தது.

புவி வெப்பமடைந்துவரும் இந்நாளில் மழை எவ்வாறு மாறும் என்று கணிப்போருக்கு, முன்னர் அது எவ்வாறு மாறியது என்னும் அறிவு இன்றியமையாதது. மாணவச் செல்வங்களே! நாம் வாழும் இந்நாட்டின் ஏரியடிகளிலும் சதுப்பு நிலங்களிலும் இத்தகைய ஏடுகள் புதைந்துள்ளன. அவற்றைப் படிக்கப் பொறுமையும் கூர்ந்த கண்ணும் வேண்டும்.

பெற்றோர்களே! மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் மதிப்புடையனவே. எனினும் சேற்றில் இறங்கி ஆராய விரும்பும் பிள்ளையை, "இது சோறு போடுமா?" என்று கேட்டுத் தடுத்துவிடாதீர்கள். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது எமது தொல்காப்பியம். வார இறுதியில் அதனைக் கற்பிக்கும் நாம், அம்முதற்பொருளையே ஆராயப் புறப்படும் பிள்ளையை வாழ்த்தி அனுப்புவதே முறையாகும்.