கடுகளவு காயம்

விழுப்புரத்தில் நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். அப்போது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சின்ன மோட்டார் வண்டி ஒன்று வாங்கினார். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளையும் பேரக் குழந்தைகளையும் வாரந்தோறும் பார்த்து வர அந்த வண்டிதான் துணை. சென்ற மாதம் நான் போயிருந்தபோது, மனிதர் வாசலில் நின்று, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல் வண்டியைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"என்ன சமாசாரம்?" என்று கேட்டேன்.

"அம்மை போட்டிருக்கிறது" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பானெட்டின் முன்புறத்தில் கடுகளவும் மிளகளவுமாக ஏழெட்டு இடங்களில் வர்ணம் தெறித்திருந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. திருவக்கரை, பெருமுக்கல் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் இந்த வட்டாரமெங்கும் ஓடுகின்றன. சாலையில் கிடக்கும் பொடிக்கல்லை முன்வண்டியின் சக்கரம் எற்றிவிடுகிறது. நாமோ அதை நோக்கி வேகமாகப் பாய்ந்து செல்கிறோம். பிறகு கேட்பானேன்!

நண்பர் ஒரு பட்டறையில் காட்டினாராம். பானெட் முழுவதையும் சுரண்டிப் புதிதாக வர்ணம் அடிக்க வேண்டுமென்று, ஒரு மாதப் பென்ஷனை விழுங்கக்கூடிய தொகையைச் சொன்னார்களாம். "அவ்வளவு கொடுக்கவும் மனமில்லை, அப்படியே விட்டுவிடவும் மனமில்லை" என்று பெருமூச்சு விட்டார்.

விட்டுவிடுவது தவறுதான். இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று நாலு போர்வைகள் இருக்கின்றன. நாலும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான கனமே! அது கிழிந்த இடத்தில் நீர் புகுந்தால் துரு பிடிக்கும். மரக்காணம் போன்ற உப்பளக் கரையோரம் போய்வரும் வண்டியானால் இன்னும் சீக்கிரம். துரு மேலே நின்றுவிடுவதில்லை. வர்ணத்துக்கு அடியில் பக்கவாட்டில் பரவிக் கொப்புளமாகக் கிளம்புகிறது.

ஆனால் கடுகுக்காகப் பானெட்டையே சுரண்டுவதும் விவேகமல்ல. தொழிற்சாலையில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேக வைக்கிறார்கள். பூட்டி முடித்த வண்டியை அந்தச் சூட்டில் வைப்பதற்கில்லை. ஆகவே ஆதிப் பூச்சைக் கூடியவரை காப்பாற்றுவதே லாபம்.

நடுவழி இதுதான். வண்டியைக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்துக. காயத்தை நீரால் நனைத்தால் அது மறைந்துவிடுகிறதா? அப்படியானால் கிளியர் கோட் மட்டுமே கீறியிருக்கிறது, பாலிஷ் போதும். நிறம் போயிருந்தால், கதவுச் சட்டத்திலோ இஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் வர்ண எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள டச்-அப் குப்பி வாங்குக. துரு தெரிந்தால் உப்புத்தாளின் நுனியால் அதை மட்டும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இரும்பு வெளியே தெரிந்தால் முதலில் ஒரு துளி பிரைமர். காய்ந்தபின், பல்குத்தும் குச்சியின் முனையால் பள்ளத்துக்குள் மட்டும் நிறத்தை மெல்லியதாக, இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் கிளியர் கோட். மழைக்காலத்து ஈரத்திலும் உச்சி வெயிலிலும் இந்த வேலை கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் குச்சியை எடுத்தார். கை நடுங்கிற்று. உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார்.

"புள்ளி வைக்கத்தானே? இப்படிக் கொடுங்கள்" என்று வாங்கிக் கொண்டார்.

நாற்பது மார்கழிகள் கோலப் புள்ளி வைத்த கை! ஒரு துளிகூட விளிம்பு தாண்டவில்லை.

ஒன்றுமட்டும் அந்தக் கைக்கும் மசியவில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்பே விழுந்து, "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று விடப்பட்ட காயம் அது. சுரண்டச் சுரண்டச் சுற்றிலும் வர்ணம் உரிந்து ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்தது. அது பட்டறைக்குத்தான் போக வேண்டும். மற்றவை உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகின்றன. ஆனால் துரு இனி அங்கே நுழையாது.

நண்பர் இப்பொழுது திண்டிவனத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்கிறாராம். ஜல்லி லாரியைக் கண்டால் வெகுதூரம் பின்தங்கி விடுகிறாராம். பேரக் குழந்தைகள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.